சான்றிதழ் கொழும்பில் வாங்கியது சரி, மிளகு எங்கே விளைந்தது?

தென் மாவட்டம் ஒன்றில் தலைமுறைகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்துவரும் குடும்பத்து இளைஞர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடையாளம் தெரியாதபடி ஊரும் தொகைகளும் மாற்றப்பட்டுள்ளன.

கொழும்பு ஏற்றுமதியாளர் ஒருவரிடமிருந்து இவர் மிளகு வரவழைக்கிறார். முதல் இரண்டு சரக்குகள் இந்திய-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் தூத்துக்குடியில் சுங்க வரி இல்லாமல் வெளியே வந்துவிட்டன. மூன்றாவது சரக்கு 12 டன்; கிலோ 600 ரூபாய் வீதம் 72 லட்சம் மதிப்பு. அது இப்போது கண்டெய்னர் கிடங்கில் நிற்கிறது. சோதனையின்போது, இலங்கை விளைபொருள் என்று அச்சிட்ட புதுச் சாக்குகளுக்குள் சில மூட்டைகளில் வியட்நாமிய எழுத்துள்ள பழைய உட்சாக்கு இருந்திருக்கிறது. மிளகு எங்கே விளைந்தது என்பதற்கான விவரங்களைப் பத்து வேலை நாட்களுக்குள் தருமாறு சுங்கத் துறை கேட்டிருக்கிறது. இதுவரை சம்மன் எதுவும் வரவில்லை.

“இலங்கை அரசு கொடுத்த உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் அசலானது. அதைச் சந்தேகிக்க இவர்களுக்கு என்ன உரிமை? பழைய சாக்கை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிடலாம், மிஞ்சிப் போனால் வியட்நாம் உள்ளிட்ட ஆசியான் நாடுகளுக்கான 50 சதவீத வரி கட்டினால் முடிந்துவிடும் என்கிறார் கிளியரிங் ஏஜெண்ட். அப்பா, கைது செய்துவிடுவார்களோ என்று தூங்காமல் இருக்கிறார். முந்தைய இரண்டு சரக்குகளைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதானே நல்லது?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கெடு நெருங்குவதால் அவசரமாகச் செய்ய வேண்டியவற்றை உங்களுக்குத் தனியே எழுதிவிட்டேன். மிளகு, பாக்கு, தேங்காய்த் துருவல் என்று அண்டை நாடுகளிலிருந்து சரக்கு எடுக்கும் பலருக்கும் இதே குழப்பம் இருப்பதால் விரிவான பதிலை இங்கே தருகிறேன்.

உங்கள் முதல் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இலங்கை வணிகத் திணைக்களத்தின் முத்திரை இருந்தால் போதும், அதற்குமேல் இறக்குமதியாளரைக் கேட்கக் கூடாது என்று வாதாட ஒரு காலத்தில் ஓரளவு வழி இருந்தது. 2020 பட்ஜெட்டில் சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. அதையொட்டி வந்த விதிகளை வியாபாரிகள் ‘காரோட்டார்’ என்கிறார்கள். உங்கள் ஏஜெண்டுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அவை 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கின்றன. சான்றிதழைத் தாக்கல் செய்துவிட்டதாலேயே, அதிலுள்ள விவரம் உண்மைதானா என்று நியாயமான கவனத்துடன் பார்க்கும் பொறுப்பிலிருந்து இறக்குமதியாளர் விடுபட முடியாது என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. சரக்கு எப்படி அந்த நாட்டுச் சரக்கு ஆகிறது என்பதற்கான விவரங்களைப் படிவம் 1-இல் இருக்கும்படி திரட்டி, இறக்குமதிக்கு முன்பே நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும்.

இவ்வளவு கடுமை ஏன் என்றால், சலுகை இருக்கும் நாட்டின் வழியாக வேறு நாட்டுச் சரக்கு வருவது நம் நாட்டில் பழைய கதை. 2017-இல் தென்கொரியாவிலிருந்து திடீரெனத் தங்கம் வந்து குவிந்தது. அங்கே தங்கச் சுரங்கம் கண்டுபிடித்துவிடவில்லை. வர்த்தக ஒப்பந்தத்தால் அந்நாட்டுத் தங்கத்துக்குச் சுங்க வரி இல்லை, அவ்வளவுதான். ஆகஸ்ட் மாதத்தில் அரசு தலையிட்டுக் கட்டுப்பாடு விதித்தது. மிளகிலும் அதே ஆண்டு இடுக்கி, வயநாடு, குடகு விவசாயிகளின் கூக்குரலுக்குப் பிறகு, கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வந்தது. உங்கள் விலை 600 என்பதால் அந்த வேலியைத் தாண்டிவிட்டீர்கள். அந்த 600 உண்மையிலேயே நீங்கள் கொடுத்த விலைதான் என்று எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன். இல்லையென்றால் அது வேறு வழக்கு. அதை உங்கள் வழக்கறிஞரிடம் நேரில் மட்டும் பேசுங்கள்.

விற்றவர் ஊர் வேறு, விளைந்த ஊர் வேறு

“கொழும்பு பார்ட்டியிடம் வாங்கினேன், கொழும்பில்தான் கப்பல் ஏறியது, பணமும் கொழும்புக்குத்தான் போனது” என்று கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் உண்மையாக இருக்கலாம். வரிச் சலுகைக்கு மூன்றுமே பொருட்டல்ல. மாத்தளையிலோ கேகாலையிலோ கொடியில் விளைந்து பறிக்கப்பட்ட மிளகென்றால் அது முழுக்க இலங்கையில் விளைந்தது. வேறு கேள்வி இல்லை. வியட்நாமின் டாக் லாக் மாகாணத்தில் விளைந்து, கொழும்பில் இறங்கி, சலித்து, புதுச் சாக்கில் மாற்றி ஏற்றிய மிளகென்றால் அது வியட்நாம் மிளகேதான். வெளிநாட்டு மூலப்பொருளிலிருந்து செய்த பொருளுக்கு அந்த ஒப்பந்தத்தில் வேறு வழி உண்டு. இலங்கையில் 35 சதவீத மதிப்புக் கூடியிருக்க வேண்டும், சுங்கப் பட்டியலில் நான்கு இலக்கத் தலைப்பும் மாறியிருக்க வேண்டும். மிளகைச் சலித்தாலும் உலர்த்தினாலும் அது அதே 0904 தலைப்பில்தான் நிற்கும். ஆகவே அந்த வாசல் உங்களுக்குத் திறக்காது.

விளைந்த நாடு மாறினால் தொகை எப்படி மாறுகிறது என்பதை உங்கள் 72 லட்சத்தை வைத்தே பாருங்கள். இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் ஒதுக்கீட்டுக்குள் வந்தால் அடிப்படைச் சுங்க வரி பூஜ்யம். ஒதுக்கீடு தீர்ந்தபின் அதே இலங்கை மிளகு சாஃப்டா எனும் தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தச் சான்றுடன் வந்தால் 8 சதவீதம், அதாவது 5.76 லட்சம். ஆசியான் நாட்டு மிளகு உரிய சான்றுடன் வந்தால் 50 சதவீதம், 36 லட்சம். எந்தச் சலுகையும் இல்லையென்றால் 70 சதவீதம், 50.40 லட்சம். ஐ.ஜி.எஸ்.டி. முதலியவை தனி. ஒரே கருப்பு மிளகு, ஒரே கண்டெய்னர்.

ஏஜெண்ட் சொல்லும் 50 சதவீதம்

உங்கள் ஏஜெண்ட் மீது எனக்கு வருத்தம் உண்டென்றால் இந்த இடத்தில்தான். மிளகு வியட்நாமுடையது என்று தெரிந்துவிட்டால் தானாகவே ஆசியான் வரிக்கு இறங்கிவிடலாம் என்று அவர் நினைக்கிறார். அது அப்படி வேலை செய்யாது. ஆசியான் சலுகைக்கு வியட்நாமில் முறைப்படி வழங்கப்பட்ட ஆசியான்-இந்தியா சான்றிதழ் வேண்டும். சரக்கும் நேராக இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும். வழியில் மூன்றாம் நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் மாறலாம். ஆனால் அந்த நாட்டின் வணிகத்துக்குள் நுழைந்திருக்கக் கூடாது. உங்கள் மிளகு கொழும்பில் இறக்குமதியாகி, கைமாறி, சாக்கும் மாறியிருந்தால் அந்த நிபந்தனை உடைந்துவிட்டது. இலங்கைச் சலுகையும் இல்லை, ஆசியான் சலுகையும் இல்லை. மிஞ்சுவது 70 சதவீதம். 36 லட்சம் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தால் அதைக் கலைத்துவிடுங்கள்.

சாக்கு விஷயத்துக்கு வருவோம். பழைய சாக்கு மறுபடி புழங்குவது மளிகைச் சந்தையில் புதிதல்ல. உங்கள் கடைக் கிடங்கிலேயே துவரம்பருப்புச் சாக்கில் கொத்தமல்லி இருக்கும். ஆகவே உட்சாக்கின் அச்சு ஒன்றே மிளகை வியட்நாம் மிளகாக்கிவிடாது. அதைச் சுங்கத் துறையிடம் உறுதியாகவே சொல்லலாம். ஆனால் “பழைய சாக்கைப் பயன்படுத்தினார்கள்” என்பது உங்களுக்குத் தெரிந்த செய்தியா? நீங்கள் கொழும்புக் கிடங்கைப் பார்த்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் கையெழுத்திட்டுக் கொடுத்து, பிறகு அது பொய்யென்று ஆனால், இதுவரை ஏமாந்த வியாபாரியாக இருந்த நீங்கள் அந்தத் தாளோடு உடந்தையாக மாறுகிறீர்கள். பொய்யென்று தெரிந்தே ஓர் அறிக்கையிலோ ஆவணத்திலோ கையெழுத்திட்டால் 114ஏஏ பிரிவில் சரக்கின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்க முடியும். ஏஜெண்ட் எழுதித் தரும் வாசகத்தில் கையெழுத்திடாதீர்கள். விற்றவரிடமிருந்து எழுத்தில் விளக்கம் கேளுங்கள். வந்தால், “ஏற்றுமதியாளர் இவ்வாறு தெரிவிக்கிறார்” என்று அவர் கடிதத்தையே இணையுங்கள்.

இந்தப் பத்து வேலை நாட்களில்

முதலில் உங்கள் கோப்பிலேயே இருக்கும் ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். இறக்குமதியான மிளகுடன் தாவர நலச் சான்றிதழ் வந்திருக்கும். எல்லாரும் அதைப் பூச்சி, புகையூட்டல் சம்பந்தப்பட்ட தாளாக மட்டும் நினைத்து மடித்து வைத்துவிடுவார்கள். அதில் ‘விளைந்த இடம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே இலங்கை என்று இருக்கிறதா, வேறு நாட்டின் பெயர் இருக்கிறதா, கட்டம் மழுப்பலாக நிரப்பப்பட்டிருக்கிறதா? தாளின் தலைப்பையும் படியுங்கள். வேறு நாட்டிலிருந்து வந்து மீண்டும் ஏற்றுமதியாகும் விளைபொருளுக்கு வழங்கப்படுவது தனிப் படிவம். மறு ஏற்றுமதிக்கான சான்றிதழ் என்றே அதில் இருக்கும். உற்பத்தி நாட்டுச் சான்றிதழை வழங்குவது வணிகத் திணைக்களம்; இதை வழங்குவது தாவரத் தொற்றுத் தடுப்புத் துறை. ஒரு துறையிடம் சொன்னதை மறு துறையிடம் சொல்ல மறந்துவிடும் ஏற்றுமதியாளர்கள் உண்டு. இரண்டு தாள்களும் ஒத்துப்போனால் உங்கள் கை வலுக்கும். ஒத்துப்போகாவிட்டால் அதிகாரி கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் தெரிந்துகொண்டீர்கள் என்ற அளவில் லாபம்.

அடுத்து விற்றவரிடம் கேட்க வேண்டியவை: எந்த மாவட்டத்தில், எந்தத் தேதிகளில், யாரிடமிருந்து மிளகு கொள்முதல் செய்தார் என்பதற்கான பில்கள், கிடங்கு இருப்புப் பதிவேடு, இலங்கைச் சுங்கத்தில் அவர் தாக்கல் செய்த ஏற்றுமதி ஆவணம், அவருடைய நிறுவனம் அதே காலத்தில் மிளகு இறக்குமதி செய்ததா என்பதற்கு எழுத்துபூர்வமான பதில். நேர்மையான ஏற்றுமதியாளருக்கு இவற்றை அனுப்ப இரண்டு நாள் போதும். அவர் சான்றிதழின் நகலையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தால், அந்த மழுப்பலிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இதன் பிறகு உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கும். ஆதாரங்கள் திருப்தியாக இருந்தால் கெடுவுக்குள் கொடுத்துச் சலுகையை வலியுறுத்துங்கள். அதிகாரி ஏற்கலாம், அல்லது இலங்கைக்கு எழுதிச் சரிபார்க்க அனுப்பலாம். சரிபார்ப்பு முடிய மாதங்கள் ஆகும். அதுவரை சரக்கு கிடங்கிலேயே கிடக்க வேண்டும் என்பதில்லை. வரி வித்தியாசத் தொகைக்குப் பிணை கொடுத்துச் சரக்கைத் தற்காலிக மதிப்பீட்டில் எடுக்கலாம். உங்கள் வழக்கில் அது ஏறத்தாழ 50 லட்சத்துக்கான பிணை. வங்கி அதற்கு என்ன கேட்கும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆதாரம் அரைகுறையாக இருந்தால் சலுகைக் கோரிக்கையையே கைவிட விதிகள் அனுமதிக்கின்றன. முழு வரியைக் கட்டிச் சரக்கை எடுப்பீர்கள். இந்தச் சரக்கில் நஷ்டம் நிச்சயம். ஆனால் கைவிட்டால் கேள்வியும் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். தவறான சலுகை கோரி வந்த சரக்கைப் பறிமுதல் செய்ய 111(க்யூ) உட்பிரிவு இடம் தருகிறது. அதோடு அபராதமும் வரலாம். இருந்தாலும் தானே முன்வந்து கைவிட்டவருக்கும் கடைசிவரை பிடித்துத் தொங்கியவருக்கும் அபராதம் தீர்மானிக்கும்போது வித்தியாசம் தெரியும். மூன்றாவது வழி, சரக்கைத் திருப்பி அனுப்ப அனுமதி கேட்பது. அது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரச் சம்மதித்திருந்தால் மட்டுமே முயற்சி செய்யுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், இடைப்பட்ட நாட்களில் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் உங்களை அரித்துவிடும். 49-ஆம் பிரிவின்கீழ் சரக்கைப் பொதுக் கிடங்குக்கு மாற்றி வைக்க மனுக் கொடுங்கள். பலருக்கும் இந்தப் பிரிவு நினைவுக்கு வருவது கிடங்கு வாடகை லட்சங்களைத் தாண்டிய பிறகுதான்.

முந்தைய இரண்டு சரக்குகள்

நீங்கள் கடைசியில் சின்னதாகக் கேட்ட கேள்விதான் உண்மையில் பெரியது. வரியின்றி வெளியே போன சரக்கு, விற்று முடித்த மிளகு, யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றும். கேட்பார்கள். சலுகை கோரிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை சரிபார்ப்புக்கு அனுப்ப முடியும். அதே ஏற்றுமதியாளரின் மூன்றாவது சரக்கு உற்பத்தி நாட்டு விதிகளை நிறைவு செய்யவில்லை என்று உறுதியானால், அவரிடமிருந்து வந்த அதே வகைச் சரக்குகளின் சலுகையைத் தனித்தனியாகச் சரிபார்க்காமலே மறுக்கவும் விதி இருக்கிறது. வரி குறைவாகக் கட்டியதில் மோசடி இல்லையென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும். தெரிந்தே மறைத்தது என்றால் ஐந்து ஆண்டுகள். நீங்கள் இப்போது மௌனமாக இருப்பது, முதல் வகையில் இருக்கும் உங்களை இரண்டாம் வகைக்குத் தள்ளும் சான்றாக நாளை காட்டப்படலாம்.

அதற்காக நாளைக் காலையே ஓடிப்போய் மூன்று சரக்குக்கும் 70 சதவீதம் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டும் உண்மையான இலங்கை மிளகாகவே இருக்கலாம். முதலில் அவற்றின் தாவர நலச் சான்றிதழ்களையும் கொள்முதல் விவரங்களையும் பாருங்கள். சந்தேகம் வலுத்தால், வெளியே போன சரக்கின் பதிவை இறக்குமதியாளரே திருத்தி வரியையும் வட்டியையும் கட்டுவதற்கு 2025-இல் சுங்கச் சட்டத்தில் 18ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. தணிக்கையோ, கடை அல்லது கிடங்கில் தேடுதல் சோதனையோ, சம்மனோ தொடங்கி உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டால் அந்த வாசல் மூடிவிடும். உங்களுக்கு இன்னும் சம்மன் வரவில்லை என்பது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம், தாமதமும் இலவசமல்ல. நோட்டீஸ் வந்தபின் மோசடிக் குற்றச்சாட்டோடு தீர்ப்பு எதிராகப் போனால், 114ஏ பிரிவில் வரிக்குச் சமமான தொகையே அபராதமாகச் சேரும். நோட்டீஸ் வந்த 30 நாட்களுக்குள் வரி, வட்டி, 15 சதவீத அபராதம் கட்டி முடித்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. அதைக் கடைசிக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு

கைது என்பது வரி பாக்கி இருந்தாலே தானாக நடப்பதல்ல. தெரிந்தே ஏய்த்தார் என்று நம்ப அதிகாரியிடம் காரணம் இருக்க வேண்டும்; அந்தக் காரணத்தைப் பதிவு செய்து கைதானவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். சுங்க அதிகாரிகளின் கைது அதிகாரத்துக்கும் குற்றவியல் நடைமுறைப் பாதுகாப்புகள் பொருந்தும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 50 லட்சத்துக்கு மேல் வரி ஏய்ப்போ ஏய்ப்பு முயற்சியோ என்றால் அது ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 104-ஆம் பிரிவு சொல்கிறது, உங்கள் 50.40 லட்சம் அந்தக் கோட்டைச் சற்றே தாண்டுகிறது. இதனால்தான் சாக்கு பற்றிய கதையில் கையெழுத்திடாதீர்கள் என்று அவ்வளவு அழுத்திச் சொன்னேன். இன்று உங்கள்மீது இருப்பது கவனக்குறைவு என்ற குறைதான்; ஏய்ப்பதற்கான எண்ணத்தை யாரும் காட்டவில்லை. அதை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

சம்மன் வந்தால் தவிர்க்காதீர்கள். 108-ஆம் பிரிவின்கீழ் நீங்கள் தரும் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராகவும் பயன்படுத்த முடியும். எனவே ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள். வழக்கறிஞர் பார்வை எட்டும் தூரத்தில் இருக்க அனுமதி கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். “சாக்கு மாற்றிவிட்டோம்” என்று கொழும்புக்காரர் அனுப்பிய ஒரு வரி அதில் இருந்தால்கூட, அதை அழித்தது தெரியவருவது அந்த வரியைவிட மோசம்.

கடிதத்தின் ஓரத்தில், நான்காவது சரக்குக்கு அதே நபருக்கு 20 சதவீத முன்பணம் அனுப்பிவிட்டதாகக் குறித்திருக்கிறீர்கள். அந்தச் சரக்கைக் கப்பல் ஏற்ற வேண்டாம் என்று இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். விவரம் தராதவர், உரிய கவனம் எடுக்காதவர் என்று பதிவானால், அதன் பிறகு நீங்கள் சலுகை கோரும் ஒவ்வொரு சரக்கும் நிறுத்திச் சரிபார்க்கப்படும். முன்பணம் திரும்பி வந்தால் நல்லது. வராவிட்டாலும் 12 டன்னோடு இன்னொரு 12 டன் அந்தக் கிடங்கில் வந்து நிற்பதைவிட அந்த 20 சதவீதம் மலிவு. வேறு ஏற்றுமதியாளரிடம் போவதென்றால், விளைந்த மாவட்டத்தையும் கொள்முதல் ஆவணங்களையும் கொடுக்கும் கடமையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சலுகை மறுக்கப்பட்டால் வரி வித்தியாசம் விற்பவர் பொறுப்பு என்ற ஷரத்தையும், அந்த ஆவணங்கள் கைக்கு வரும்வரை மீதித் தொகை நிறுத்தப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்.சி. எனும் வங்கிக் கடனுறுதிக் கடிதம் திறப்பதானால், வங்கியிடம் காட்ட வேண்டிய ஆவணங்களின் பட்டியலிலேயே அவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். வங்கி தாளைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கும், மிளகைப் பார்த்து அல்ல.